வால் வரும் வழி

மேலூர்க் கல், இருபத்தெட்டு டன்.
நாலு சங்கிலி போட்டு முறுக்கி
ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிக் கேட்டேன்.
இறுகியது ணங் என்னும்
இளகியது ளொட் என்னும்.
நாலாவது ளொட் என்றது.
இன்னும் ஒன்றரைச் சுற்று.

முன்வண்டியைக் குதிரை என்போம்.
பின்னால் வருவதற்குப் பெயர் இல்லை
நீளம்தான், நாற்பது அடி.
இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் ஆணி
என் மணிக்கட்டுப் பருமன்
கிரீஸில் குளித்துக் கிடக்கும்.
குனிந்து அதைப் பார்க்காமல்
நான் சாவி போட்டதில்லை.
பார்த்த பிறகும்
பின்வண்டி பிரேக்கைப் பிடித்தபடி
மெல்ல ஓர் இழுப்பு,
தைத்த பித்தானை இழுத்துப் பார்க்கிற மாதிரி.

சோணைமுத்து இன்று வரவில்லை.
அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து.
மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும்.
லாரிக்கு யார் மாமன்?
இடது ஜன்னலில்
பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு
கதவைத் தட்டுவான் அவன்.
ஒரு தட்டு, நில்.
இரண்டு தட்டு, போ.
இன்று அந்த சீட்டில்
தண்ணீர்க் கேனும் தூக்குவாளியும்.
கேன் தட்டாது.

ஒத்தக்கடையில்
வலப்பக்கம் படுத்திருந்தது யானைமலை.
அதுவும் கல்தான்.
அதற்கு இன்னும் யாரும் சங்கிலி போடவில்லை.

விரகனூர்ப் பாலம் இறங்குகையில்
நியூட்ரலில் விடு, டீசல் மிச்சம் என்பார்
முதலாளி பவளராஜ்.
கியரிலேயே இறங்கினேன்.
பிரேக்கைப் பற்றிக் கல்லுக்குத் தெரியாது.
நான் நின்ற பிறகும்
அது போய்க்கொண்டிருக்கப் பார்க்கும்,
என் முதுகு வழியாக.

மண்டேலா நகர் சிக்னலில் இடது ஒடிக்க வேண்டும்.
இடது போக
முதலில் வலது போக வேண்டும்.
பார்க்கிறவனுக்கு நான் வழி மறந்தவன்.
குதிரை போன தடத்தில் வால் வராது,
குறுக்கே வெட்டிக்கொண்டு
ஓரக்கல்லை நக்கிக்கொண்டு வரும்.
அதற்காக நான் திறந்துவைக்கும் இடைவெளி
அவசரக்காரர்களுக்கெல்லாம்
தங்களுக்கு விட்ட வழி.

கண்ணாடியில் பார்த்தேன், காலி.
உருண்டைக் கண்ணாடியில் பார்த்தேன், காலி.
பச்சை விழுந்தது.
கிளச்சிலிருந்து கால் எழும்பத் தொடங்கிற்று.

எனக்கு முன்னால் ஒரு குட்டியானை
இன்னும் ஸ்டார்ட் ஆகாமல் உறுமிக்கொண்டிருந்தது.
அதன் முதுகில் புது பீரோ
யார் வீட்டுச் சீரோ
நிறுத்திவைத்துக் கோணலாகக் கட்டியிருந்தார்கள்.
பிளாஸ்டிக் உறை கிழிந்து
கதவுக் கண்ணாடி வெளியே தெரிந்தது.
அதற்குள்ளிருந்து
என் லாரி எனக்கு எதிரே நின்றது.
பம்பரில் எலுமிச்சை, மிளகாய்,
இடம் வலம் மாறிய நம்பர்.
இடது கதவுக்குக் கீழே
சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே
ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்.
மஞ்சள் ஹெல்மெட்டில் ஒரு பெண்.
அவள் முழங்கால்களுக்கு நடுவே
நின்றபடி ஒரு பையன்.

மிதித்தேன்.
புஸ்ஸென்று காற்று இறங்கியது.
கல் ஒரு விரற்கடை நகரப் பார்த்தது.
நாலு சங்கிலியும் பல்லைக் கடித்தன,
நாலாவதும்.

பின்னால் டவுன் பஸ் அலறியது.
ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
வீட்ல தூங்கிட்டு வர்றதில்லையா என்றார்.
இல்லை என்று தலையாட்டினேன்.

அவள் மேலே பார்க்கவேயில்லை.
பையன் மட்டும்
தன்னைவிட உயரமான டயரின் நட்டுகளை
விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.
பத்து.
அவன் எட்டு வரை போயிருப்பான்,
வண்டி நழுவி முன்னே போய்விட்டது.

குட்டியானையும் கிளம்பிற்று.
கண்ணாடிக்குள் நான்
சிறிதாகி, இன்னும் சிறிதாகி
யாரோ பொட்டு வைத்துக்கொள்ளப்போகும்
ஏதோ ஒரு வீட்டுக்குப் போனேன்.

வலையங்குளம் டோலுக்கு முன்னால் ஓரங்கட்டினேன்.
சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன்.
கை நடுங்கி
கட்டை இரண்டு தரம் நழுவியது.
சோணைமுத்துவுக்குப் போன் போட்டேன்.
காது குத்தியாச்சா?
ஆச்சுண்ணே.
அழுதானா?
கொஞ்சம்ணே. என்னண்ணே, லோடு எதுவும்?
ஒண்ணுமில்ல.
நாளைக்கு வந்துரு.

கேனை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு
அந்த சீட்டைத் துடைத்தேன்.